பொதிகை மலை வரைக்கும் வந்த பூ

உலகத்துல இருக்கிற ஓர்கிட் மொத்தமும், கிட்டத்தட்ட 28,000 இனம், அஞ்சே அஞ்சு துணைக்குடும்பத்துக்குள்ள அடங்கிரும். இந்த அஞ்சுல நாலு நம்ம இலங்கையில காட்டுச்செடியாவே இருக்கு. தென்மேற்கு ஈரவலயக் காட்டுத் தரையில புல்லோட புல்லா நிக்கிற அப்போஸ்டேசியா ஒரு கிளை. வனிலாக் கொடி இன்னொரு கிளை, தோட்டத்துல காசுக்கு நடுற மெக்சிக்கோ வனிலா இல்ல, நம்ம காட்டு வனிலாவைச் சொல்றேன். ஹோட்டன் சமவெளிப் புல்லுக்குள்ள ரோஸ் கலர்ல பூக்கிற சற்றீரியம் மூணாவது. சிங்களத்துல வெசாக் மல்னு சொல்ற டென்ட்ரோபியம் நாலாவது, ஓர்கிட்ல முக்காவாசிக்கு மேல இந்தக் கிளையில தான் வரும்.

அஞ்சாவது கிளை மட்டும் இல்ல. ஒரே ஒரு இனம் கூட இல்ல. அது தான் ஸ்லிப்பர் ஓர்கிட்.

இது என்னைய ரொம்ப நாளா போட்டுக் குடையிற விஷயம். ஏன்னா நுவரெலியா, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் தொட்டிச்செடி வளக்கிற வீடுகள்ல ஸ்லிப்பர் ஓர்கிட் அவ்வளவு அழகா வருது. ராத்திரிக் குளிர், காலையில மூடுபனி, பகல்ல அளவான வெயில், அதுக்கு வேற என்னா வேணும்? சும்மா வராந்தாவுல வச்சாலே பூத்துட்டு மாசக்கணக்கா நிக்குது. அதனால நிறைய பேர் இது நம்ம மலைச்செடி தான், எங்கயோ சிவனொளிபாதமலைக் காட்டுல இருந்து எடுத்துட்டு வந்தது தான்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. இல்ல. நர்சரியில விக்கிறது எல்லாம் ஒட்டுமொத்தமா வெளிநாட்டு இனங்களைக் கலந்து உண்டாக்கின கலப்பினம். அந்தக் கலப்பு வேலை இங்கிலாந்துல 1869லயே முதல் பூவ பாத்திருச்சு. நம்ம மலையில தேயிலைய வியாபாரத்துக்கு நட ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் கழிச்சு.

சரி, முதல்ல பூவைப் பாப்போம். எங்க வீட்டுல இருக்கிறது வெள்ளையில பச்சைக் கோடு ஓடுற ரகம், இலையில வெளிர்பச்சைத் திட்டு இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா முதல் தடவை பாத்துட்டு, "இதென்னா தம்பி, பூவுக்கு முன்னால சுருக்குப்பை தச்சு வச்ச மாதிரி இருக்கு"ன்னு கேட்டாங்க. அந்தப் பை தான் இந்தக் குடும்பத்தோட அடையாளம். எல்லா ஓர்கிட்லயும் மூணு அல்லி, மூணு புல்லி. இதுல மூணாவது அல்லி பையா மாறிருச்சு. கீழ இருக்க வேண்டிய ரெண்டு புல்லியும் ஒண்ணா ஒட்டி பைக்குப் பின்னால ஒத்தையா தொங்கும், மேல இருக்கிறது மட்டும் அகலமா விரிஞ்சு நிக்கும்.

வாடப் போற பூ ஒண்ண பிளேட்டால நெடுக்குவாட்டுல ரெண்டா பிளந்து பாருங்க, அப்ப தான் உள்ளுக்குள்ள நடக்கிற வேலை புரியும். பை வாய்க்கு மேல ஒரு கேடயம் மாதிரி தட்டையான உறுப்பு இருக்கும், பளபளன்னு, கண்ணுல முதல்ல படுறது அது தான். அது மகரந்தம் குடுக்காத மலட்டுக் கேசரம். பூச்சி அதைத் தேடி வந்து உக்காரும், வழுக்கி பைக்குள்ள விழும். உள்சுவரு வழுவழுன்னு இருக்கும், வந்த வழியா ஏற முடியாது. பையோட பின்பக்கத்துல மட்டும் மயிர் வரிசை ஒண்ணு மேல ஏறுது, அதைப் பிடிச்சு ஏறினா முதல்ல குறிக்கு (மகரந்தத்தை வாங்கிக்கிற உறுப்புக்கு) கீழ முதுகை உரசிக்கிட்டுத் தான் போகணும், அதுக்கப்புறம் இடது பக்கம் இல்லாட்டி வலது பக்கம் ஒரு சின்னச் சந்து, அந்தச் சந்துக்கு மேல ஒரு மகரந்தக்கூடு. வெளிய வரும்போது முதுகுல மகரந்தப் பசை ஒட்டிரும். அடுத்த பூவுல விழுந்தா முதல்ல குறியைத் தாண்டணும், அங்க அந்த மகரந்தம் இறங்கிரும். ஒரே வழி, ஒரே வரிசை. தன் மகரந்தம் தன் குறியிலயே படாம இருக்கிறதுக்கு இதை விட நேர்த்தியான ஏற்பாடு நான் வேற எந்தப் பூவுலயும் பாத்ததில்ல.

அந்த ரெண்டு சந்து, ரெண்டு மகரந்தக்கூடு, இதைக் கவனிச்சுக்கங்க. டென்ட்ரோபியம், வந்தா, பலனொப்சிஸ் எல்லாத்துக்கும் மகரந்தக்கூடு ஒண்ணே ஒண்ணு தான். ஸ்லிப்பருக்கு ரெண்டு. இது பின்னால தேவைப்படும்.

டார்வின் 1862ல ஓர்கிட் மகரந்தச் சேர்க்கைய பத்தி எழுதும்போது, பூச்சி வெளியில நின்னுக்கிட்டே நாக்க மட்டும் உள்ள விடுதுன்னு தான் கணிச்சிருந்தாரு. அமெரிக்காவுல இருந்து ஏசா கிரேங்கிற தாவரவியலாளர், அப்பிடி இல்ல, சின்னப் பூச்சி பைக்குள்ளயே போய் பின்பக்கமா வெளிய வரும்னு எழுதினாரு. டார்வின் சின்னத் தேனீ ஒண்ணப் புடிச்சு பைக்குள்ள விட்டுப் பாத்தாரு, கிரே சொன்ன வழியிலயே அது முதுகுல மகரந்தத்தோட வெளிய வந்துச்சு. பின்னால அதை எழுத்துலயும் ஒத்துக்கிட்டாரு. எனக்கு அந்த மனுஷன ரொம்பப் பிடிச்சதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்லிப்பர் பூக்கள்ல பெரும்பாலானது பூச்சிக்கு ஒண்ணும் குடுக்கிறதில்ல, தேன் இல்ல, சாப்பாடு இல்ல. போர்னியோவுல கினபாலு மலைப்பக்கம் மட்டும் இருக்கிற ரொத்ஸ்சைல்டியானம்ங்கிற இனம் இன்னும் ஒரு படி மேல. செடிப்பேன் இருக்கிற இடமா பாத்து முட்டை போடுற ஒரு வகை மிதவை ஈ, இந்தப் பூவோட கேடயத்துல இருக்கிற மயிரையும் புள்ளியையும் செடிப்பேன் கூட்டம்னு நம்பி அதுலயே முட்டை போட்டிரும். குஞ்சு பொரிச்சா தின்ன ஒண்ணும் இருக்காது. பூவுக்கு வேலை முடிஞ்சுது.

இப்ப குடும்ப மரத்துக்கு வருவோம். ஸ்லிப்பர் ஓர்கிட்ல பேரினம் அஞ்சு. சிப்ரிபீடியம், சுமார் 50 இனம், வடக்கு அரைக்கோளத்து குளிர் நாட்டுச் செடி, ஐரோப்பா, சைபீரியா, சீனா, ஜப்பான், அலாஸ்கா, அமெரிக்கான்னு பூமியைச் சுத்தி ஒரு வளையமா இருக்கு, தெற்க ஹொண்டுராஸ் வரைக்கும் இறங்குது. பாபியோபெடிலம், யாரு எண்ணுறாங்கங்கிறதைப் பொறுத்து 80ல இருந்து 100 வரைக்கும், வெப்பமண்டல ஆசியாவுல. பிராக்மிபீடியம், 20 சொச்சம், தெற்கு மெக்சிக்கோவுல இருந்து பொலிவியா, பிரேசில் வரைக்கும், இதுல சிலதோட அல்லி ரெண்டு அடி நீளத்துக்குத் தொங்கும். செலினிபீடியம் ஒரு அஞ்சாறு இனம், மத்திய, தென் அமெரிக்கா, ஆள் உயரத்துக்கும் மேல வளரும், விதையில வனிலா வாசம். கடைசியா மெக்சிபீடியம், ஒரே ஒரு இனம்.

இந்த மெக்சிபீடியத்தைப் பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும். 1988ல மெக்சிக்கோவுல ஒவாகா மாநிலத்துல, சுண்ணாம்புக்கல் பாறைச் சரிவுல, ஒரு கைப்பிடி செடி தான் கிடைச்சுது. வெள்ளைப் பூ, ரொம்பச் சின்னது. 1990ல அதை பிராக்மிபீடியம்னு பேரு வச்சு வெளியிட்டாங்க, ஏன்னா அமெரிக்கக் கண்டத்துல அந்த மாதிரி இலை உள்ளது பிராக்மிபீடியம் தான். ஆனா சூலகத்தை வெட்டிப் பாத்தா உள்ள ஒரே அறை. பிராக்மிபீடியத்துக்கு மூணு அறை. ஒத்தை அறை இருக்கிறது ஆசியாவுல உள்ள பாபியோபெடிலத்துக்கு. அதாவது மெக்சிக்கோப் பாறையில நிக்கிற ஒரு செடிக்கு இலை பிராக்மிபீடியம் மாதிரி, சூலகம் மட்டும் ஆசியாக்காரனோடது. 1992ல அதைத் தனிப் பேரினமா பிரிச்சிட்டாங்க.

இதுல என்னா பெரிய விஷயம்னா, இந்த அஞ்சு பேரினத்தையும் எப்பிடிச் சொந்தம் சேக்கிறதுங்கிறதுல 100 வருஷத்துக்கு மேல ரெண்டு அளவுகோல் மோதிக்கிட்டு இருந்துச்சு. சூலகத்தை வச்சுப் பாத்தா சிப்ரிபீடியமும் பாபியோபெடிலமும் ஒரு பக்கம் (ஒரு அறை), செலினிபீடியமும் பிராக்மிபீடியமும் ஒரு பக்கம் (மூணு அறை). இலையை வச்சுப் பாத்தா கணக்கே மாறுது. சிப்ரிபீடியத்துக்கும் செலினிபீடியத்துக்கும் இலை நெடுக மடிப்பு மடிப்பா மெல்லிசா இருக்கும், மத்த மூணுக்கும் இலை தடிப்பா, நடுநரம்புல ஒரே ஒரு மடிப்பு. லின்னேயஸ் 1753ல சிப்ரிபீடியம்னு பேரு வச்சதுக்கு அப்புறம் ஆசியாவுல இருந்து வந்ததையெல்லாம் அந்த ஒரே பேருக்குள்ள தான் போட்டுக்கிட்டு இருந்தாங்க, பாபியோபெடிலம்னு 1886ல தான் பிட்சர் தனியா எடுத்தாரு. தோட்டக்காரங்க அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் பழைய பேர விடல.

டீஎன்ஏ வந்து தான் வழக்கைத் தீர்த்துச்சு. 1990கள்ல தொடங்கின வேலை, 2012ல சீன ஆய்வாளர்கள் செல்லுக்குள்ள இருக்கிற பசுங்கணிகத்துல ஆறு ஜீனும் செல்லோட கருவுல ரெண்டு ஜீனும் எடுத்து வரிசைப்படுத்தி ஒரு மரம் போட்டாங்க. இலை தான் ஜெயிச்சுது. முதல்ல பிரிஞ்சது சிப்ரிபீடியம், அடுத்தது செலினிபீடியம், மிச்சம் இருக்கிற தடிச்ச இலைக்காரங்க மூணு பேரும் ஒரே கொத்து. அந்தக் கொத்துக்குள்ள மெக்சிபீடியமும் பிராக்மிபீடியமும் கூடப்பிறந்தது, பாபியோபெடிலம் அந்த ரெண்டுக்கும் சேத்து ஒண்ணுவிட்ட சொந்தம். அப்ப ஒத்தை அறை, மூணு அறைங்கிறது இடையில மாறி மாறி வந்த குணம், அதை வச்சு வம்சம் பாக்க முடியாது.

சொந்தம் தெரிஞ்சா அடுத்த கேள்வி தானா வரும். பாபியோபெடிலம் ஆசியாவுல, அதோட நெருங்கின சொந்தம் பசிபிக் கடலைத் தாண்டி மெக்சிக்கோவுலயும் பெருவிலயும். நடுவுல ஒண்ணும் இல்ல. இது எப்பிடி?

நம்ம ஊர்ல படிச்ச யாரும் உடனே கண்டப் பெயர்ச்சி, தெற்குக் கண்டமெல்லாம் ஒண்ணா இருந்த கோண்டுவானான்னு சொல்லுவாங்க. ஆனா கோண்டுவானா வழியா வந்திருந்தா ஆப்பிரிக்காவுல இருக்கணும், மடகஸ்கார்ல இருக்கணும், அவுஸ்திரேலியாவுல இருக்கணும். மூணுலயும் ஒரு ஸ்லிப்பர் கூட இல்ல. அதோட காலக்கணக்கும் ஒத்து வராது. அந்த மரத்துக்குக் காலம் போட்டுப் பாத்தப்ப செலினிபீடியம் பிரிஞ்சது பேலியோசீன் காலம், அதாவது 6 கோடியே 60 லட்சத்துக்கும் 5 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கும் இடையில, தடிச்ச இலைக் கொத்தோட பொது மூதாதை அதுக்கு அடுத்த ஈயோசீன் காலம். அந்தக் காலத்துல ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் எப்பவோ விலகிப் போயாச்சு. ஆனா பூமி இன்னிக்கை விட ரொம்பச் சூடு, வடக்க தூரத்துக்கு காடு இருந்துச்சு, ஆசியாவும் வட அமெரிக்காவும் பேரிங் பக்கம் தரையால ஒட்டியிருந்துச்சு. இந்தச் செடிகளோட மூதாதைங்க அந்த வடக்குக் காடு முழுக்க ரெண்டு கண்டத்துலயும் பரவி இருந்திருக்கு. அதுக்கப்புறம் பூமி குளிர ஆரம்பிச்சுது, வடக்குக் காடு அழிஞ்சுது, வெப்பம் வேணும்ங்கிற செடிங்க ரெண்டு பக்கமும் தெற்க இறங்கிருச்சு. ஆசியப் பக்கம் இறங்கினது பாபியோபெடிலம் ஆச்சு, அமெரிக்கப் பக்கம் இறங்கினது மத்த ரெண்டும் ஆச்சு. சிப்ரிபீடியம் மட்டும் குளிரைத் தாங்கப் பழகி, குளிர்காலத்துல மேல எல்லாத்தையும் உதுத்துட்டு மண்ணுக்கு அடியில கிடந்து வசந்தத்துல முளைக்கிற செடியா மாறி, அங்கயே தங்கிருச்சு.

பாபியோபெடிலம் ஆசியாவுக்குள்ள போன வழியும் ஒரு பெரிய கதை. மரத்துல அடிக்கிளையில இருக்கிறது தென்சீனா, வியட்நாம் சுண்ணாம்புக்கல் மலைகள்ல உள்ள இனங்கள். அங்க இருந்து மேற்க இமயமலை அடிவாரம், தெற்க மலாயா, சுமாத்ரா, போர்னியோ, பிலிப்பைன்ஸ், நியூகினி, கடைசியா சொலமன் தீவுகள் வரைக்கும். தீவுக்குத் தீவு ஒரு இனம், மலைக்கு மலை ஒரு இனம். கடல் மட்டம் இறங்கும்போது தீவுகள் தரையால சேரும், செடி பரவும், கடல் ஏறினா துண்டாகும், துண்டானது தனி இனமாகும். நிறமூர்த்த (குரோமோசோம்) எண்ணிக்கையும் இதோட சேந்து ஓடுது. பழைய கிளைகள்ல 26, புதுசா கிளைச்சதுல பெரிய நிறமூர்த்தம் ரெண்டா உடைஞ்சு உடைஞ்சு 42 வரைக்கும் போகுது.

இப்ப மேற்குப் பக்கம் வாங்க. அசாம், மேகாலயா, அருணாச்சலம், அங்க நிறைய இனம் இருக்கு. அதுக்கு மேற்கயும் தெற்கயும் இந்தியா முழுக்கத் தேடினா ஒண்ணும் கிடையாது. ஒரிசாவுல இல்ல, கிழக்குத் தொடர்ச்சி மலையில இல்ல, நீலகிரியில இல்ல, ஆனைமலையில இல்ல. திடீர்னு இந்தியாவோட தெற்கு முனையில, அகத்தியமலையில ஒரே ஒரு இனம். பாபியோபெடிலம் துருரியி. 1865ல கேணல் ட்ரூரிங்கிறவர் கண்டு எடுத்தது, 1874ல பெடோம் பேரு வச்சாரு.

அகத்தியமலைன்னா நம்ம பொதிகை. அகத்தியர் இருந்து தமிழ் வளத்தாருன்னு சின்ன வயசுல இருந்து கேட்டு வளந்த அதே மலை, தாமிரபரணி பிறக்கிற மலை. தமிழ் பேசுற நிலத்துல காட்டுச்செடியா இருக்கிற ஒரே ஸ்லிப்பர் ஓர்கிட் அங்க தான் இருக்கு. இதை முதல்ல வாசிச்ச அன்னைக்கு எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது, இன்னும் அந்தப் பூவோட போட்டோவைப் பாத்தா அதே தான். பச்சை கலந்த மஞ்சள் பூ, மேல் புல்லியிலயும் ரெண்டு அல்லியிலயும் நடுவுல கரும்பழுப்புல அகலமா ஒரு பட்டை ஓடும். மத்த பாபியோபெடிலம் நிறைய நிழல் தேடும், இது மலையுச்சியில, 1,400 மீற்றருக்கு மேல, பாறையும் புல்லும் கலந்த திறந்த சரிவுல நிக்குது, நிலத்தோட படர்ற நீளத் தண்டு விட்டு.

அங்க இருந்து மேகாலயாவுக்கு 2,000 கிலோமீற்றருக்கு மேல. நுவரெலியாவுக்கு 430 கிலோமீற்றர் சொச்சம்.

அவ்வளவு தூரம் வந்தது இந்தக் கொஞ்ச தூரம் ஏன் வரல?

வேற செடிங்க வந்திருக்கே. ஹோட்டன் சமவெளியில சிவப்பா பூக்கிற ரொடொடென்ட்ரன் மரம் இமயமலையிலயும் இருக்கு, நீலகிரியிலயும் இருக்கு, நம்மகிட்டயும் இருக்கு. நான் தொடக்கத்துல சொன்ன சற்றீரியமும் அதே மாதிரி மூணு இடத்துலயும். ஊவாப் பத்தனைப் புல்வெளியில மஞ்சளா பூக்கிற இப்சியா இன்னும் விசேஷம், அந்தப் பேரினத்துல மொத்தமே மூணு இனம், ஒண்ணு கேரளத்து மலையில, ஒண்ணு தாய்லாந்துல, ஒண்ணு இங்க மட்டும். அப்ப பாதை இருந்திருக்கு. இமயமலையில இருந்து தென்னிந்தியாவுக்கு உயிரினங்க எப்பிடி வந்துச்சுங்கிறதுக்கு 1940கள்ல ஹோராங்கிற மீன் ஆய்வாளர் சத்புரா மலைத்தொடர் வழியான்னு ஒரு விளக்கம் சொன்னாரு, குளிர்ச்சியும் ஈரமும் கூடின காலத்துல அந்த மலைகள் படிக்கட்டா இருந்துச்சுன்னு. இன்னிக்கு வரைக்கும் அதை ஒட்டியும் வெட்டியும் பேசுறாங்க.

தென்னிந்தியாவுல இருந்து இலங்கைக்கு தரைப்பாதையே இருந்துச்சு. பனியுகத்துல கடல் 120 மீற்றர் வரைக்கும் இறங்கினப்ப பாக்கு நீரிணை வெறும் தரை, சுமார் 10,000 வருஷத்துக்கு முன்னால வரைக்கும். ஆனா அந்தத் தரை எப்பிடிப்பட்ட தரைங்கிறது தான் கேள்வி. ராமநாதபுரத்தையும் மன்னாரையும் நெனச்சுப் பாருங்க, அதையே இன்னும் அகலமாக்கி இன்னும் காய வச்ச மாதிரி. மலைச்செடிக்கு அது பாதையே இல்ல. 2004ல வந்த ஒரு ஆய்வு இதைத் தெளிவா காட்டுச்சு, தவளை, நண்டு, மண்ணுக்குள்ள வாழுற பாம்பு, நன்னீர் மீன் இதெல்லாம் இலங்கையிலயும் மேற்குத் தொடர்ச்சி மலையிலயும் பெரும்பாலும் தனித்தனியா கூர்ப்படைஞ்சிருக்கு, தரை ஒட்டியிருந்தும் போக்குவரத்து ரொம்பக் குறைவு.

நம்ம முப்பாட்டன் பாட்டிங்க திருநெல்வேலி, புதுக்கோட்டை, திருச்சிப் பக்கம் இருந்து கோப்பித் தோட்டத்துக்கு வந்ததும் அந்தக் காஞ்ச நிலத்தைத் தாண்டித் தான். மன்னார்ல இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுவழியா நடை. தண்ணி இல்லாமலும் காய்ச்சல்லயும் அந்த வழியில விழுந்தவங்க எத்தனையோ பேர். மனுஷனுக்கே அந்த நிலம் அவ்வளவு கொடுமையா இருந்துச்சுன்னா, மலையுச்சி மூடுபனிக்குப் பழகின ஒரு செடி அதுல நின்னு பிழைச்சு படிப்படியா வர வாய்ப்பே இல்ல.

காத்துல வரலாமே, ஓர்கிட் விதை தூசி தானேன்னு கேப்பீங்க. வரலாம். ஆனா அந்தத் தூசிக்குள்ள சாப்பாடு ஒண்ணும் கிடையாது. விழுற இடத்துல அதுக்குத் தோதான பங்கசு (பூஞ்சை) மண்ணுல இருந்து அது விதைக்குள்ள புகுந்து ஊட்டினா தான் முளைக்கும். முளைச்சு வளந்து பூத்தாலும், ஏமாந்து பைக்குள்ள விழுறதுக்கு சரியான அளவுல ஒரு பூச்சி வேணும், பக்கத்துல இன்னொரு பூவும் வேணும். ஒவ்வொண்ணா பெருக்கிப் பாத்தா வாய்ப்பு எவ்வளவு சுருங்கிப் போகுதுன்னு தெரியும். ரொடொடென்ட்ரன் மாதிரி மலை முழுக்க நிறைஞ்சு கிடக்கிற மரம் லட்சக்கணக்கான வருஷமா கோடிக்கணக்குல விதையை ஊதிவிட்டா ஒண்ணாவது வந்து சேரும். ரெண்டு மூணு மலையுச்சியில மட்டும் ஒண்டிக்கிட்டு இருக்கிற ஒரு செடி அனுப்புற விதை எவ்வளவு? என் எண்ணம் இது தான்: துருரியி நம்ம மலைக்கு வராததுக்கு நம்ம மலையில ஒரு குறையும் இல்ல, அது பொதிகையிலயே கூட்டம் சிறுத்துப் போன செடி, கடைசி ஸ்டேஷன்ல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது.

இன்னொண்ணும் மனசுல இருக்கு, அதையும் சொல்லிடறேன். பேராதனைத் தோட்டத்துல இருந்த த்வெய்ட்ஸும் அவருக்கப்புறம் வந்த ட்ரைமனும் பத்தாண்டுக் கணக்கா இந்தத் தீவு முழுக்கச் செடி சேத்தவங்க, அவங்க பட்டியல்ல ஸ்லிப்பர் இல்ல. ஆனா த்வெய்ட்ஸ் 1849ல பொறுப்பெடுக்கும்போதே கண்டி, மாத்தளை, புசல்லாவைப் பக்கத்துக் காடு கோப்பிக்காக ஏக்கர் கணக்குல எரிஞ்சு முடிஞ்சிருந்துச்சு. யாரும் முழுசா பட்டியல் போடுறதுக்கு முன்னால போன காடு அது. அந்தக் காட்டை வெட்டின கைகள்ல நம்ம ஆளுங்க கையும் இருக்கு, அவங்களுக்கு வேற வழி இல்ல, வெட்டச் சொன்னது வேற ஆள், லாபம் போனது வேற ஊருக்கு. அந்தச் சரிவுகள்ல என்னென்ன நின்னுச்சுன்னு முழுசா இனி தெரிஞ்சுக்க முடியாது. ஸ்லிப்பர் இருந்திருக்கும்னு நான் சொல்ல வரல, மேல சொன்ன காரணமெல்லாம் அதுக்கு எதிரா தான் இருக்கு. அந்தக் காடு நினைப்பு வந்தா வேதனையா இருக்கு, அவ்வளவு தான்.

துருரியி கதையும் வேதனை தான். லண்டன் சேகரிப்பாளர்கள் ஆசைப்பட்ட காலத்துல இருந்து அள்ளிக்கிட்டுப் போய், ஒரு கட்டத்துல அழிஞ்சே போச்சுன்னு நம்பினாங்க. 1970கள்ல மறுபடி கண்டாங்க. கண்டது தெரிஞ்ச உடனே மறுபடி அள்ளினாங்க. இப்ப அது உலகளவுல மிகவும் அருகிப் போன இனம்ங்கிற பட்டியல்ல. பாபியோபெடிலம், பிராக்மிபீடியம் ரெண்டு பேரினத்துலயும் எந்த இனத்தையும் காட்டுல இருந்து எடுத்து நாடு விட்டு நாடு விக்கக் கூடாதுன்னு 1990ல இருந்து சைட்டிஸ் ஒப்பந்தம் தடுக்குது. அப்பிடியும் நடக்குது. வியட்நாம்ல 1990கள் கடைசியில கண்டுபிடிச்ச ஒரு இனத்தை கொஞ்ச வருஷத்துலயே காட்டுல இல்லாம பண்ணிட்டாங்க. இங்கிலாந்துல சிப்ரிபீடியம் ஒரு காலத்துல யோர்க்ஷயர்ல ஒரே ஒரு செடியா குறைஞ்சு, பூக்கிற காலத்துல ஆள் போட்டுக் காவல் காத்தாங்க. பேஸ்புக்ல யாராவது துருரியி ஒரிஜினல் செடி இருக்குன்னு விலை சொன்னா வாங்காதீங்க. கலப்பினம் வாங்குங்க, ஆய்வுகூடத்துல விதையில இருந்து வளத்தது, விலையும் குறைவு, நம்ம குளிருக்கு நல்லாவும் வரும்.

அந்த ரெண்டு மகரந்தக்கூடு விஷயத்தைச் சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். ஸ்லிப்பருக்கு ரெண்டு, நம்ம காட்டு அப்போஸ்டேசியாவுக்கும் ரெண்டு. அதை வச்சு முன்னெல்லாம் இதுங்க நெருங்கின சொந்தமா இருக்கும்னு பாத்தாங்க. டீஎன்ஏ மரத்துல அப்போஸ்டேசியா எல்லா ஓர்கிட்டுக்கும் முன்னாலயே பிரிஞ்ச மூத்த கிளை, அடுத்தது வனிலா, அதுக்கப்புறம் தான் ஸ்லிப்பர், கடைசியா மத்ததெல்லாம். ஓர்கிட்ங்கிற குடும்பம் டைனோசர் காலத்துலயே தொடங்கினதுங்கிறதுக்கு 2007ல அம்பர் கல்லுக்குள்ள கிடைச்ச தேனீயோட முதுகுல ஒட்டியிருந்த ஓர்கிட் மகரந்தத்தை வச்சு கணக்குப் போட்டாங்க, 7 கோடியே 60 லட்சத்துல இருந்து 8 கோடியே 40 லட்சம் வருஷத்துக்கு முன்னன்னு. அந்தக் குடும்பத்துல முதல்ல தனியா போன வீட்டோட வாரிசு நம்ம தீவுல, காலடியில நிக்குது. முழங்கால் உயரம், ஒல்லி ஒல்லியா புல்லு இலை, நுனியில வளைஞ்சு தொங்குற கொத்துல சின்னச் சின்ன மஞ்சள் பூ, ஆறு இதழும் ஒரே மாதிரி, பை இல்ல, உதடு இல்ல, பாத்தா ஓர்கிட்னு யாரும் சொல்ல மாட்டாங்க. இரத்தினபுரி, காலிப் பக்கத்து மழைக்காட்டுக்குப் போற ஆளுங்க யாராவது இதை வாசிச்சா, பாதையோரம் அப்பிடி ஒண்ணு கண்ணுல பட்டா, புடுங்காம கிட்டக்கப் போய் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. பூவோட நடுப்பகுதி தெளிவா விழணும், மகரந்தக்கூட எண்ணிப் பாக்கணும் எனக்கு.